எந்த நர்சிங் படிப்பு எங்களுக்குக் கட்டுப்படியாகும்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 26. மணப்பாறையில் ஒரு சிறிய கிளினிக்கில் நான்கு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் செய்கிறேன். ஆனால் நான் நர்ஸ் இல்லை. பிளஸ் டூவில் உயிரியல் படித்தேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. முறையாகப் படிக்க ஆசைப்படுகிறேன். இங்கே ஒரு நிறுவனம் ஓராண்டு ‘நர்சிங் டிப்ளமோ’வுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறது. ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள். எது எங்களுக்குக் கட்டுப்படியாகும்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஓராண்டுப் படிப்பில் சேர வேண்டாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) இரண்டு ஆண்டுகள், ஜி.என்.எம். (செவிலியர் பட்டயப் படிப்பு) மூன்று ஆண்டுகள், பி.எஸ்சி. (பட்டப் படிப்பு) நான்கு ஆண்டுகள். இவற்றுள் ஒன்றை முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரே நர்ஸ். ஓராண்டுச் சான்றிதழுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாமல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் அரசுப் பணித் தேர்வுக்கும் விண்ணப்பிக்க முடியாது. பணத்தைக் கட்டிய பிறகும் கிளினிக்கில் இன்று இருக்கும் அதே நிலையில்தான் இருப்பீர்கள்.

உங்கள் நிலையில் நீங்கள் முதலில் முயல வேண்டியது அரசு மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பயிற்சிப் பள்ளிகளின் ஜி.என்.எம். படிப்புக்கு என்பது என் எண்ணம். கட்டணம் மிகக் குறைவு. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள், நீட் தேவையில்லை. பின்னாளில் பட்டம் வேண்டுமென்றால் ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். நேரடிப் பட்டத்தைவிட மொத்தத்தில் ஓராண்டு கூடுதல்தான் என்றாலும், இடையில் வேலைக்குப் போய்க் குடும்பத்தை நிமிர்த்திக்கொள்ள வழி கிடைக்கிறது. பி.எஸ்சி.தான் வேண்டும் என்றால் அரசு கவுன்சலிங்குக்கு விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படிக்க நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் அதிகம் கட்டுகிறார். இவ்வாண்டுச் சேர்க்கைக்கான தகவல் தொகுப்பு (பிராஸ்பெக்டஸ்) வெளியானதும் வயது வரம்பை முதலில் பாருங்கள். 26 வயதில் இன்னும் ஓராண்டு போகட்டும் என்று தள்ளிப்போடுவது நல்லதல்ல.

பணத்தைவிடவும் நான் கவலைப்படுவது வருகைப் பதிவைப் பற்றி. நர்சிங்கை அஞ்சல் வழியிலோ வார இறுதியிலோ படித்து நர்ஸாகிவிட முடியாது. பி.எஸ்சி. விதிப்படி தேர்வெழுத 80 விழுக்காடு வருகை போதும், ஆனால் செய்முறைப் பயிற்சியில் விட்டுப்போன நாட்களை ஈடு செய்து 100 விழுக்காட்டை எட்டினால்தான் பட்டம். மகனுக்குக் காய்ச்சல் என்று நீங்கள் வராத நாளைப் பின்னால் வார்டில் வந்து கழித்தாக வேண்டும். மகப்பேறு வார்டில் எந்தப் பிரசவத்தை உடனிருந்து பார்த்தீர்கள், எதை நீங்களே நடத்தினீர்கள் என்று ஒவ்வொன்றையும் கேஸ்புக் என்னும் பயிற்சிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் ஒரு பக்கம் குறைந்தாலும் தேர்வு நேரத்தில் அது சிக்கலாகும். காலை டியூட்டிக்கு ஏழு மணிவாக்கில் வார்டில் இருக்க வேண்டியிருக்கும். அங்கன்வாடி அந்நேரத்தில் திறந்திருக்காது. மனநலப் பயிற்சிக்காகச் சில வாரங்கள் வெளியூரில், பலருக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில், தங்க நேரும். ஆகவே கல்லூரி வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, விடுதியில் தங்குவது கட்டாயமா என்பது. கட்டாயம் என்றால் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைக் கணவரோடும் உங்கள் அம்மா, மாமியாரோடும் பேசி முடித்த பிறகே சேர வேண்டும். பாதியில் நின்றுபோன படிப்புக்கு ஈடான நஷ்டம் வேறில்லை.

தவணை என்று சொல்லும் கல்லூரியிடம் நான்கு ஆண்டுக்கும் ஆகும் முழுத் தொகையை எழுதி வாங்குங்கள்: சீருடை, தேர்வுக் கட்டணம், பேருந்து, விடுதி, மெஸ் எல்லாம் சேர்த்து. பிறகு ஒரு வேலை நாளில் அதன் மருத்துவமனைக்கே போய்ப் பாருங்கள். குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது பி.எஸ்சி. கல்லூரிகளுக்கான விதி. கட்டில்கள் வரிசையாக இருந்து நோயாளிகள் இல்லையென்றால் நீங்கள் கற்றுக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. வெளியில் வட்டிக்கு வாங்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு வங்கிக் கல்விக் கடன் உண்டு. 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதும் இல்லை. உங்கள் சமூகத்துக்கும் வருமானத்துக்கும் எந்த உதவித்தொகை பொருந்தும் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நலத்துறை அதிகாரிகளிடம் நேரிலேயே கேளுங்கள்.

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூன்றுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கவுன்சலிங் அறிவிப்பு வந்த பிறகு அவற்றுக்காக அலையும்போது விண்ணப்பிக்கும் கடைசித் தேதி போய்விடுகிறது.

அன்புடன்.