ஃபைபர் பாடி வண்டிக்குப் பெயிண்ட் போதுமா, பாடியையே மாற்ற வேண்டுமா?

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடிச்சட்டத்தின் மேல் ஃபைபர் பாடி ஏற்றிக் கட்டிய பழைய பக்கி வண்டி புதுச்சேரியில் கடற்கரை அருகே நிற்பதாகவும், நிறம் வெளுத்து மயிரிழை வெடிப்புகள் விட்டிருப்பதாகவும் எழுதி, மறுபடி பெயிண்ட் அடிப்பதா, புதுப் பாடி போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் ஃபைபர் படகுகளுக்கும் எப்போதாவது இத்தகைய வண்டிகளுக்கும் வேலை செய்பவன் நான். என் கருத்தில், இந்த முடிவை வெளிப்பக்கத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பாடியின் உட்பக்கத்தையும் அது சட்டத்தோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டுள்ள இடங்களையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வெளியே தெரியும் ஜெல்கோட், அதாவது ஃபைபரின் நிறமுள்ள மேற்படலம், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையது. வெயிலில் அது வெளுத்து, தடவினால் கையில் பொடி ஒட்டினாலும், உள்ளே இருக்கும் மேட்டும் (கண்ணாடி இழைப் பாய்) அதை இறுக்கிப் பிடிக்கும் ரெசினும் (பிசின்) கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. நட்சத்திர வடிவில் விரியும் வெடிப்புகள் வேறு வகை. சக்கர வளைவுக்குள் கீழிருந்து கல் தெறித்து அடிக்கும்போது, அடி உள்ளே விழ, வெடிப்பு மேலே தோன்றும். அங்கே மேலே மட்டும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அதே கோடு மறுபடி எழும்பி வரும். உள்ளிருந்து ஒரு படலம் மேட் ஒட்டிக் கனப்படுத்திய பிறகே மேல்வேலை நிற்கும்.

ஒரு ரூபாய் நாணயத்தால் பாடி முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்கும் இடம் நல்ல இடம். மந்தமாகக் கேட்கும் இடத்தில் படலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்க வாய்ப்புண்டு. போல்ட் துளைகளைச் சுற்றித் துருக்கறையும் வெளிறிய வளையமும் தெரிந்தால், உள்ளே பதித்த இரும்புத் தகடு உப்புக்காற்றில் துருவேறி உப்பி ஃபைபரைப் பிளக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதைவிட முக்கியமானது பாடிக்குக் கீழே இருக்கும் சட்டம். ஃபைபர் துருப்பிடிக்காது என்ற நிம்மதியில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. சட்டம் போயிருந்தால் பெயிண்டுக்குச் செலவிடும் பணம் வீண்.

புதுப் பாடி என்பது நினைப்பதைவிடக் கடினம். அந்த மாடலின் அச்சு கிடைக்காவிட்டால், உங்கள் பாடியிலிருந்தே அச்சு எடுக்க வேண்டும்; அதற்கு முதலில் அதைப் பழுது நீக்கி வழவழப்பாக்க வேண்டும். அவ்வளவும் செய்த பிறகு அந்தப் பழைய பாடியையே ஓட்டலாமே! பாதிக்கு மேல் படலம் பிரிந்திருந்தால் மட்டும் மாற்றலாம் என்பேன்.

பழுதுவேலைக்கு ஆள் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியதால், மேட் ஒட்டத் தெரிந்தவர்கள் மீனவ ஊர்களிலேயே இருக்கிறார்கள். பக்கி வண்டிக்கு இது பொருத்தமும்கூட: 1964-இல் கலிஃபோர்னியாவில் மேயர்ஸ் மாங்ஸ் என்ற ஃபைபர் பக்கியை உருவாக்கிய புரூஸ் மேயர்ஸும் ஃபைபர் படகு கட்டியவர்தான். ஆனால் உள்வேலையை மட்டும் படகுக்காரரிடம் கொடுங்கள். வெளிப்பூச்சைக் கார் பெயிண்டர் செய்யட்டும். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும் அதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்க விடாதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும்; கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும்.

பெயிண்டரிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. தகரத்துக்குப் பயன்படுத்தும் பெயிண்ட் ரிமூவர் ரெசினையும் சேர்த்துத் தின்றுவிடும். பழைய பூச்சை உப்புத்தாளால்தான் எடுக்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்பே மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தெடுக்காவிட்டால், தேய்க்கத் தேய்க்க அவை உள்ளே இறங்கும். வெடிப்புகளை வாய்க்கால் போல அகலத் தோண்டி நிரப்பி, எபாக்சி பிரைமர் அடித்து, அதன் மேல் இரண்டு பாகப் பாலியூரித்தேன் பூச்சு (பெயிண்டோடு அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிப்பது) போடலாம். தகர வண்டிகளைப் போல இதைச் சூட்டறையில் கடுமையாகக் காயவைத்தால் ஃபைபர் இழைகளின் தடம் மேலே தெரியும். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதிக்கக்கூடியது என்பதால், துணி மாஸ்க் போதவே போதாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காற்றின் ஈரம் ஹார்டனரோடு வினைபுரிந்து பூச்சு மங்கும். ஃபைபருக்குள் தங்கிய ஈரம் பின்னால் கொப்புளமாகக் கிளம்பும். கறுப்பும் கருநீலமும் அழகுதான், ஆனால் நம்மூர் வெயிலில் அவை ஏற்றிக்கொள்ளும் சூடு ஃபைபருக்கு ஆகாது. வெள்ளையோ வெளிர்மஞ்சளோ நல்லது. ஆர்சி புத்தகத்தில் உள்ள நிறத்தை மாற்றுவதாக இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பிறகே பெயிண்ட் வாங்குங்கள்.