உச்சிப்புளி மணலில் முலாம்பழம்

கேள்வி: கடையில் வாங்கிய முலாம்பழம் அப்படி இனித்தது. அதன் விதையை ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எங்கள் உச்சிப்புளி மணலில் போட்டால் பழம் சப்பென்று இருக்கிறதே?

பதில்: அது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்திருக்கும், அதன் பிள்ளைகள் ஆளுக்கொரு குணம் காட்டும். ஆனால் பழியை முழுக்க விதைமேல் போடாதீர்கள். மாம்பழம் மாதிரி மாவுச்சத்தைச் சேர்த்துவைத்து, பறித்தபின் இனிப்பாக்கிக்கொள்ளும் பழமல்ல இது. முதிரும் நாட்களில் இலை அனுப்பும் சர்க்கரைதான் எல்லாம், அப்போது கடற்கரை ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் வந்து இலை கருகினாலோ, நீங்கள் தண்ணீரை அள்ளிக் கொட்டினாலோ இனிப்பு போச்சு. கிணற்று நீரில் லேசான உப்பா? பழம் சிறுத்தாலும் இனிப்பு கூடுவதுண்டு, மிஞ்சினால் கொடியே போய்விடும். அப்புறம், விதைக்கு வீரிய ஒட்டு அல்லாத ரகம் போட்டு, உங்கள் மணலிலேயே நன்றாக இனித்த கொடியில் எடுங்கள். பக்கத்தில் இதே இனமான வெள்ளரிப்பழம் வேண்டாம், தேனீ இரண்டின் மகரந்தத்தையும் கலந்துவிடும்.