மண்ணெண்ணெய் மணக்குது எண்டு ஊத்திப்போடாதேங்கோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (பரந்தன் வாசகர் ஒருவர்): ஜேர்மனியில இருக்கிற அண்ணா வரேக்க மோசல் ஆத்துப் பக்கத்து ரீஸ்லிங் எண்ட வெள்ளை வைன் மூண்டு போத்தல் கொண்டு வந்தவர். 2003, 2010, 2015 எண்டு பழம் பிடுங்கின வருசம் போட்டிருக்கு, எல்லாம் ஸ்பேட்லேஸ எண்ட, பிந்திப் பிடுங்கின பழத்தில செய்த இனிப்பு வகை. 2003 போத்தலத் திறந்தா மண்ணெண்ணெய் மணக்குது. பழுதாப் போச்சோ?

பதில்: ஐயோ தம்பி, ஊத்திப்போடாதேங்கோ. மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின ஆக்களுக்கு அந்த மணத்தை நான் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனா பழைய ரீஸ்லிங்கில அது வாறது வழமைதான், அதுக்காகவே காசு குடுத்து வாங்குற ஆக்களும் இருக்கினம். திராட்சையில இருக்கிற கரோட்டினொயிட் எண்ட நிறப்பொருள் உடைஞ்சு உடைஞ்சு வருசம் போகப்போக டிடிஎன் எண்ட ஒண்டா மாறுது, மணக்கிறது அதுதான். பழத்தில வெயில் கூடப் பட்டா அது கூட வரும், போத்தல் சூட்டில கிடந்தா இன்னும் கெதியா வரும். 2003 ஐரோப்பா முழுக்க வெயில் கொளுத்தின வருசம், பழம் நல்லாப் பழுத்து புளிப்புக் குறைஞ்சு போச்சு, அதால உங்கட போத்தல் முந்திக்கொண்டு கிழடாகியிருந்தா அது அதிசயமில்லை. 2010 அதுக்கு நேர்மாறு, விளைச்சலும் குறைவு, புளிப்பு எண்டா பல்லுக் கூசுற புளிப்பு. இப்ப குடிச்சாலும் அது இளசாத்தான் தெரியும். 2015 வெயிலும் இருந்து புளிப்பும் தப்பின வருசம், எனக்கு உந்த மூண்டில அதுதான் விருப்பம், ஆனா இன்னும் கொஞ்சம் குழந்தைப்பிள்ளை.

மூண்டையும் ஒரே நாளில பக்கத்தில பக்கத்தில ஊத்தி வச்சுப் பாருங்கோ, இல்லாட்டி வித்தியாசம் பிடிபடாது. முதல் நிறத்தைப் பாருங்கோ, வயசு போகப்போக மஞ்சள் கடுமையாகி பொன்நிறமா வரும். பிறகு இனிப்பு. பழையதில சீனி குறையிறேல்லை, ஆனா நாக்குக்குக் குறைஞ்ச மாதிரித்தான் இருக்கும், தேன், காய்ஞ்ச பழம் எண்டு மணம் மாறிக்கொண்டு போகும். அல்ககோல் 8 வீதம் மட்டிலதான், இவ்வளவு காலம் தாங்க வைக்கிறது புளிப்பும் சீனியும். உண்மையாப் பழுதெண்டா நனைஞ்ச காட்போட் பெட்டி மணக்கும், இல்லாட்டி விநாகிரி மணக்கும். அப்ப ஊத்துங்கோ, நான் மறிக்கமாட்டன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு வாசகி): இத்தாலியில இருக்கிற மச்சான் பரோலோ 2006, 2007 ரெண்டும் தந்தவர். சிவப்பு வைன் எண்டு சொல்லி பிளேன்டீ நிறத்தில இருக்கு, குடிச்சா வாய் கயர்க்குது. ஏமாத்திப்போட்டாங்களோ?

பதில்: இல்லை தங்கச்சி, பரோலோ செய்யிற நெப்பியோலோ திராட்சையின்ர குணமே அது. பியமொன்ட் மாகாணத்தில ஒக்டோபர் மட்டும் காத்திருந்து பிடுங்குற பழம், தோலில நிறம் கொஞ்சம், கயர்ப்பு கன. விளிம்பில செங்கட்டி நிறம் மற்ற வைனுகளை விட வேளைக்கே வந்திடும், அதை வச்சு வயசு கணிக்க வெளிக்கிட்டா பிழைக்கும். பரோலோ எண்டு பெயர் போடவே ஆகக்குறைஞ்சது 38 மாசம் வச்சிருக்கவேணும், அதில 18 மாசம் மரப்பீப்பாயில. 2006 இறுக்கமான வருசம், கயர்ப்பு இளகக் கன காலம் எடுக்கும். 2007 சூடான வருசம், மெதுமையா இருக்கும், முதல் வாயிலயே பிடிக்கும். புதுசாக் குடிக்கிற ஆக்கள் 2007 தான் திறம் எண்டுவினம், எனக்கெண்டா 2006ல ரோசாப்பூவும் றோட்டுக்குப் போடுற தாரும் கலந்து வாற அந்த மணம் தான் பரோலோ.

குடிக்க முதல் நாளே போத்தலை நிமித்தி வையுங்கோ, மண்டி அடியில படியட்டும், பிறகு மெல்ல மெல்ல வேற பாத்திரத்தில ஊத்தி 2006க்கு ரெண்டு மணித்தியாலம் காத்துப்பட விடுங்கோ. கண்ணாடிக் கிளாசில குடியுங்கோ, சில்வர் பேணியில வேண்டாம். உறைப்பு இறைச்சிக்கறியோட குடிச்சா கயர்ப்பு ரெண்டு மடங்காத் தெரியும், உறைப்பில்லாமப் பொரிச்ச ஆட்டிறைச்சி எண்டா நல்லாச் சேரும். கணவாய்ப் பிரட்டலுக்கு பரந்தன் தம்பியின்ர இனிப்பு ரீஸ்லிங் தான் சரி.

கேள்வி (வவுனியா வாசகர்): இப்பிடியான போத்தலை பிள்ளையின்ர கலியாணம் மட்டும் வச்சிருக்கலாமோ?

பதில்: பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு? வைனுக்கு 12, 13 பாகை குளிர் வேணும், அதுவும் ஏறாம இறங்காம. எங்கட சித்திரை வெயிலில அலுமாரிக்குள்ள வச்சா ஒரு கோடையிலயே அவிஞ்சு, தக்கை வெளியில தள்ளி, நிறம் மண்ணிறமாகிப்போகும். பிறகு அது 2001ஓ 2010ஓ எண்டு ஆர் கண்டது. பிரிட்ஜின்ர கீழ்த்தட்டில படுக்க வச்சு வாற தைப்பொங்கலுக்குள்ள திறந்து குடியுங்கோ. கலியாணத்துக்கு வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் ஆரையும் புதுசா ஒண்டு கொண்டு வரச்சொல்லலாம்.