70 டாலர் கேம், 200 டாலர் பெட்டி: கேட்டவர்களுக்குப் பதில்

கேம் விலை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லிவைத்தேன், குவித்துவிட்டீர்கள். ஆறு வருடம் ஒரு கேம் கடையில் நின்று விற்றவன் நான், அதைவிட அதிக வருடம் சொந்தக் காசில் வாங்கி ஏமாந்தவன். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

அண்ணா, 60 டாலர் 70 ஆச்சு, இப்போ 80. இது பகல் கொள்ளைதானே? (கோவை, கல்லூரி மாணவர்)

பாதி கொள்ளை, தம்பி. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கேம் கன்சோல் வந்தபோது 60 டாலர் வழக்கமானது, அப்புறம் பதினைந்து வருடம் அந்த விலை அசையவே இல்லை. 2020இல் என்பிஏ 2கே21 என்ற கூடைப்பந்து கேம் முதலில் 70 என்றது, பிஎஸ்5 கன்சோல் வந்ததும் சோனியும் அதையே பிடித்துக்கொண்டது, நம் ஊரில் அது 4,999 ரூபாயாக வந்து இறங்கியது. 2025 ஜூனில் நின்டென்டோ மரியோ கார்ட் வேர்ல்டை 80க்கு விற்றது. மைக்ரோசாஃப்ட்டும் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2க்கு 80 என்று அறிவித்துவிட்டு, ஆட்கள் கத்திய கத்தலில் வெளியாகும் முன்பே 70க்கு இறங்கி வந்தது. ஆக, கத்தினால் சில சமயம் வேலைக்கு ஆகிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 90களில் அமெரிக்காவில் சூப்பர் நின்டென்டோ கேசட்டுகள் சில 70 டாலர் வரை விற்றன, காரணம் உள்ளே இருந்த சிப்பின் விலை. சிடி வந்த பிறகுதான் மலிந்தது. 2005இன் 60 டாலர் இன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 100. அதனால் விலைச்சீட்டை மட்டும் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. அன்று அந்தக் காசுக்கு முழு கேமும் கையில் வந்தது, இன்று அது நுழைவுச்சீட்டு மாதிரி ஆகிவிட்டது, உள்ளே போனால் சீசன் பாஸ் (பின்னால் வரும் பாகங்களுக்கான சீட்டு), ஸ்கின் (உடை, நிறம்), காயின் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) என்று தனித்தனிக் கவுன்டர். எனக்குக் கோபம் அங்கேதான்.

ஒரு கேம் செய்ய அப்படி என்னதான் செலவாகிறது?

2023இல் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்குவது குறித்த வழக்கு அமெரிக்காவில் நடந்தபோது சோனி கொடுத்த ஒரு ஆவணத்தில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் மை வழியாக எண்கள் தெரிந்துவிட்டன! தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2க்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி. இருநூறு முந்நூறு பேருக்கு ஐந்தாறு வருடம் சம்பளம் என்று பார்த்தால் கணக்கு புரியும். அதே காலத்தில்தான் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு ஹாலோ நைட் சில்க்சாங் என்ற கேமை 20 டாலருக்குக் கொடுத்தது. செலவு ஏறுகிறது என்பது உண்மை, எல்லோரும் அவ்வளவு செலவு செய்தே தீரவேண்டும் என்பது உண்மையில்லை.

கலெக்டர்ஸ் எடிஷன் வாங்கலாமா? பெட்டியைப் பார்த்தாலே கை நடுங்குகிறது ப்ரோ. (திருச்சி)

எனக்கும் நடுங்கும், அதனால்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கலெக்டர்ஸ் எடிஷன் என்றால் கேமோடு சிலை, ஆர்ட்புக் என்று சேர்த்து விற்கும் பெரிய பெட்டி. முதலில் உள்ளே என்ன என்ற பட்டியலைப் படியுங்கள், அதிலும் முக்கியமாக "டிஸ்க்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். காட் ஆஃப் வார் ராக்னராக் கலெக்டர்ஸ் எடிஷன் 200 டாலர், சுத்தியல் உண்டு, ஸ்டீல்புக் டப்பா உண்டு, அந்த டப்பாவுக்குள் போட டிஸ்க் கிடையாது, டவுன்லோட் கோட்தான். ஸ்டார்ஃபீல்டின் 300 டாலர் பெட்டியில் கைக்கடிகாரம் வந்தது, கேம் அதிலும் கோடாகத்தான். டயாப்லோ 4 இன்னும் ஒரு படி மேலே, 96.66 டாலர் பெட்டியில் மெழுகுவர்த்தி மாதிரி ஒரு விளக்கு, துணி வரைபடம் எல்லாம் இருந்தது, கேமே இல்லை. அதைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். இலை போட்டு அப்பளம், ஊறுகாய் எல்லாம் வைத்துவிட்டு சோறு பக்கத்துக் கடையில் என்கிற கதை.

இரண்டாவது, படத்தில் இருப்பது வேறு, வருவது வேறு. 2018இல் ஃபால்அவுட் 76இன் 200 டாலர் எடிஷனுக்கு கேன்வாஸ் பை என்று விளம்பரம் செய்துவிட்டு மெல்லிய நைலான் பையை அனுப்பினார்கள். கேட்டதற்கு கேமுக்குள் செலவழிக்க 500 'ஆட்டம்ஸ்' (அந்த கேமின் காசு) தருகிறோம் என்றார்கள், அதன் மதிப்பு 5 டாலர். ஊரே சிரித்த பிறகுதான் சரியான பை தைத்துத் தர ஒப்புக்கொண்டார்கள்.

என் அலமாரியில் ஒரு சிலை நிற்கிறது, எந்த கேம் என்று சொல்லமாட்டேன். வந்த அன்றே வாள் பிடித்த கை மணிக்கட்டில் ஒடிந்திருந்தது. விற்றவரிடம் போட்டோ அனுப்பினேன், "சீல் உடைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். சீலை உடைக்காமல் கை ஒடிந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன், இன்றுவரை பதிலில்லை. ஃபெவிக்விக் போட்டு ஒட்டியதில் வாள் இப்போது தரையைப் பார்த்து நிற்கிறது. துடைப்பம் பிடித்திருக்கிறானா என்று கேட்கிறாள் என் மகள்.

இதையெல்லாம் படித்த பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள். நானும் ஆர்ட்புக் இருந்தால் வழுக்கிவிழுகிற ஆள்தான்.

வாங்கி சீல் உடைக்காமல் வைத்தால் பின்னாளில் விலை ஏறுமா?

ஏறுவது நூற்றில் ஒன்று. பவுன் வாங்குங்கள்.

கூடுதல் விலை டீலக்ஸ் எடிஷன் வாங்கினால் மூன்று நாள் முன்பே ஆடலாமாம். வாங்கட்டுமா?

ஸ்டார்ஃபீல்டில் ஐந்து நாள் முன்பே நுழைய 100 டாலர், ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸில் மூன்று நாளுக்கு 110. என் பார்வையில் இது முன்கூட்டியே தருவது இல்லை, கேம் தயாராகிவிட்டது, மற்றவர்களை வாசலில் நிறுத்திவைக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் நாட்களில்தான் பிழைகளும் அதிகம், அவற்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலைக்கு நீங்களே காசும் கட்டுகிறீர்கள்.

என் மகன் பிறந்தநாளுக்கு ஏழாயிரம் ரூபாய் அல்டிமேட் எடிஷன்தான் வேண்டும் என்று அடம். சாதாரணத்துக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்? (மதுரை, ஒரு அம்மா)

அக்கா, பெரும்பாலும் வித்தியாசம் உடை, துப்பாக்கி நிறம், கொஞ்சம் காயின், அப்புறம் இன்னும் வெளிவராத இரண்டு பாகங்களுக்கான வாக்குறுதி. பட்டியலை அவனிடமே கொடுத்து ஒவ்வொன்றும் எதற்கு என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். பாதி வரியில் அவனுக்கே தெரியாது. சாதாரண எடிஷன் வாங்கிக் கொடுங்கள், பிறகு தேவைப்பட்டால் மேல் எடிஷனுக்கு வித்தியாசத்தை மட்டும் கட்டி மாற ஏகப்பட்ட கேம்கள் விடுகின்றன. அதுவும் அவன் கேமை முடித்த பிறகு.

கேம் பாஸ் எடுத்தால் இந்தத் தலைவலி எல்லாம் இல்லையே?

மாதச் சந்தா கட்டி நிறைய கேம் ஆடும் மைக்ரோசாஃப்ட் திட்டம்தானே, இல்லாமல்தான் இருந்தது. 2025 அக்டோபரில் அதன் அல்டிமேட் சந்தா மாதம் 20 டாலரிலிருந்து 30 ஆனது, இந்தியாவில் 829 ரூபாய் 1,389 ஆனது. அந்தக் கணக்கில் வருடத்துக்கு 16,668 ரூபாய். மாதத்துக்கு இரண்டு கேம் முடிக்கிறவர் என்றால் அப்போதும் லாபம். நம்மில் பலர் ஆறு மாதமாக அதே ஃபிஃபாவைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறோம், எதற்கு வாடகை? ஒரு மாதம் எடுத்து, இரண்டு கேம் முடித்து, நிறுத்திவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் பொத்தானை முதல் நாளே அணைத்துவிடவும், நான் மறந்து நான்கு மாதம் கட்டினேன்.

டிஸ்க் வாங்கினால் அது என் சொத்துதானே?

கேமைப் பொறுத்தது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று எப்போதும் நெட் தேவைப்படும் தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் தட்டு. நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலில் 'கேம்-கீ கார்டு' என்று ஒன்று வருகிறது, கார்டு இருக்கும், கேமை நெட்டில் இறக்க வேண்டும். ஆனாலும் விற்கவோ, நண்பனிடம் கொடுத்து மாற்றவோ முடியும் என்பதால் நான் இன்னும் டிஸ்க் கட்சிதான்.

கன்சோல் விலை இறங்கும்வரை பொறுக்கலாமா?

பிஎஸ்2 காலத்தில் இதே கேள்விக்கு ஆமாம் என்றிருப்பேன், 300 டாலரில் வந்தது இரண்டே வருடத்தில் 200 ஆனது. பிஎஸ்5 இங்கே 2021 பிப்ரவரியில் 49,990க்கு வந்தது, அடுத்த வருடக் கடைசியில் 54,990. ஏஐ சர்வர்களுக்காக மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள், அதனால் தானாக இறங்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். தீபாவளி ஆஃபர் வந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நீங்கள் தள்ளுபடிக்குக் காத்திராமல் முழு விலை கொடுத்தது எதற்கு?

மேலே சொன்ன சில்க்சாங்தான். 2025 செப்டம்பர் 4, நம் நேரம் இரவு ஏழரைக்கு வெளியானது. உலகமே அதே நிமிடத்தில் போய் நின்றதில் கணினி கேம் விற்கும் ஸ்டீம் இணையக் கடையே படுத்துவிட்டது. பணம் கட்டும் பக்கம் திறக்கட்டும் என்று விடாமல் தட்டிக்கொண்டே இருந்தேன், வாங்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் தட்டில் இருந்த தோசை அப்பளமாகியிருந்தது.