மீந்துபோன ஃப்ராஸ்டிங்: கேள்வி பதில்

கேள்வி: கேக்கில் பூசச் செய்த பட்டர்கிரீம் ஒரு கிண்ணம் மீந்துவிட்டது. வெண்ணெய், ஐசிங் சர்க்கரை, வெனிலா, அவ்வளவுதான். எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: இருப்பதிலேயே சாதுவான வகை இது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும், ஃப்ரீசரில் 3 மாதம் வரை வைக்கலாம். கெட்டுப்போவதைவிட வாடை பிடிப்பதுதான் பெரிய தொல்லை, பக்கத்தில் எது இருந்தாலும் வெண்ணெய் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். நறுக்கிய வெங்காயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் இருந்த வெனிலா கிரீமை ஒருமுறை ருசி பார்த்திருக்கிறேன், உங்களுக்கு அந்த அனுபவம் வேண்டாம். கிளிங் ராப்பைக் கிண்ணத்தின் வாயில் கட்டாமல் கிரீமின் மேலேயே படிய அழுத்தி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். இடையில் காற்று நின்றால் மேலே பொருக்குத் தட்டும், அப்புறம் அதுதான் கிரீம் பிழியும் நாசிலில் போய் அடைக்கும்.

கேள்வி: அக்கா, முட்டை வெள்ளைக்கருவில் செய்த பட்டர்கிரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அடித்தேன். திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. கொட்டிவிடவா?

பதில்: ஐயோ, கொட்டாதே! கெடவில்லை, குளிர் விடவில்லை, அவ்வளவுதான். வெண்ணெய் இறுகிக் கிடப்பதால் நீரோடு கலக்காமல் குருணை குருணையாக நிற்கிறது. அதில் கால் பங்கை மட்டும் மைக்ரோவேவில் உருக்கி, மிச்சத்தை அடித்துக்கொண்டே உருக்கியதை அதில் மெல்ல ஊற்று. நடுவில் முன்னைவிட மோசமாகத் தெரியும், அப்போதுதான் பலரும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நீ பீட்டரை ஓடவிடு, சட்டென்று வழவழவென்று கூடிவரும். கூழாக ஓடினால் கோளாறு நேர்மாறு, சூடு அதிகம் என்று அர்த்தம், கிண்ணத்தோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுபடி அடி. அடுத்த முறை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, மறுநாள் வெளியே எடுத்து வைத்து, விரல் வைத்தால் அமுங்குகிற பதம் வந்த பிறகு அடி.

கேள்வி: கிரீம் சீஸ் ஃப்ராஸ்டிங் ராத்திரி முழுக்க மேசையிலேயே இருந்துவிட்டது. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: குப்பையில் போடுங்கள். வாசனையை நம்ப முடியாது, நோய் தரும் கிருமிகள் பல வாடை எதுவும் காட்டாது. இந்த வகையை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, 4, 5 நாளில் தீர்த்துவிட வேண்டும்.

கேள்வி: அடித்த பால் கிரீம்?

பதில்: ஃப்ரிட்ஜிலேயே ஒன்றிரண்டு நாளில் நீர் விட்டுவிடும். பட்டர் பேப்பரில் ஸ்பூன் ஸ்பூனாக வைத்து உறையவிட்டு, சூடான சாக்லேட் பாலில் ஒவ்வொன்றாக மிதக்கவிடுங்கள். கேக்கில் பூசும் ஆசையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாலு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சம் பட்டர்கிரீம் மீதி இருக்கிறது.

பதில்: எல்லாம் கலந்தால் சேற்று நிறம்தான் வரும், பரவாயில்லை, கோகோ தூளைச் சலித்துப் போட்டு சாக்லேட் கிரீம் ஆக்கிவிடுங்கள். இறுகினால் ஒரு ஸ்பூன் பால். கறுப்பு கிரீம் வேண்டுமென்றாலும் இதிலிருந்தே தொடங்கலாம், வெள்ளையில் தொடங்குவதைவிடக் கலர் குறைவாகவே தேவைப்படும், ஒரு ராத்திரி வைத்தால் இன்னும் கருக்கும்.

கேள்வி: கேக்கிலிருந்து வழித்த கிரீம், ஒரே தூளாக இருக்கிறது.

பதில்: சரி, அதை நல்ல கிரீமோடு மட்டும் சேர்க்காதீர்கள். கேக்கில் வெட்டியெடுத்த ஓரங்களை உதிர்த்து, இந்தக் கிரீமை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, உருக்கிய சாக்லேட்டில் முக்குங்கள். அளவு கேட்காதீர்கள், கேக்கின் ஈரத்தைப் பொறுத்து மாறும். கையில் ஒட்டத் தொடங்கினால் கிரீம் கூடிப்போயிற்று, இன்னும் கொஞ்சம் கேக்கை உதிர்த்துப் போடுங்கள்.