கைக்குழந்தையை முதல்முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்; பக்கத்தில் இருக்கும் நாங்கள் என்னதான் செய்ய வேண்டும்?

குழந்தைக்கு நான்கு மாதம், எடை 6 கிலோ. சளி பிடித்து நான்காம் நாள், அட்மிட் ஆகி இரண்டாம் நாள். பிராங்கியோலைட்டிஸ் என்று சொல்லி ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், மூக்கு வழியாகப் பால் குழாய் போட்டிருக்கிறார்கள். "சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எங்களால் எதுவும் முடியவில்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் ஒரு நாளில் சில நிமிடங்கள்தான் உங்கள் குழந்தை அருகே நிற்கிறார். நர்ஸுக்குப் பார்க்க வேண்டிய படுக்கைகள் பல. இருபத்துநான்கு மணி நேரமும் அந்தக் குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். உள்ளே போன பால் எவ்வளவு, வெளியே வந்த சிறுநீர் எவ்வளவு, மூச்சு எப்படி வாங்குகிறது: இந்த மூன்றையும் கணக்கு வைத்துக்கொண்டால் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, சிகிச்சையில் பாதியைத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நோய் என்ன என்பது புரிந்தால் பாதிப் பதற்றம் அடங்கும். நுரையீரலுக்குள் போகும் மிகச் சிறிய மூச்சுக்குழாய்கள் வீங்கி, சளி அடைத்துக்கொள்வதுதான் பிராங்கியோலைட்டிஸ். பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸால் வருவது. அதே வைரஸ் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். கைக்குழந்தையின் குழாய் ஏற்கெனவே குறுகல் என்பதால் லேசான வீக்கமே காற்றின் வழியைப் பெரிதாக அடைத்துவிடுகிறது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது. நெபுலைசரில் கொடுக்கும் ஆஸ்துமா மருந்து, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகியிருந்தால் அதைத் தளர்த்தும். இங்கே சிக்கல் வீக்கமும் சளியும் என்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் பலன் இல்லை. எனவே "மருந்தே கொடுக்கவில்லையே" என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ள வேண்டாம். மூச்சுக்கு ஆக்ஸிஜன், உடம்புக்கு நீர், அடைத்த மூக்கைச் சுத்தம் செய்வது, இவைதான் இதற்கான சரியான வைத்தியம்.

நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். உங்கள் குழந்தை இப்போது அந்த மேட்டில்தான் இருக்கிறது. நேற்றைவிட இன்று மோசமாகத் தெரிவதால் சிகிச்சை தவறு என்று ஆகிவிடாது.

இனி மூச்சு. குழந்தை தூங்கும்போதோ அழாமல் அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகப் போகும், ஏனென்றால் கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக வராது: கொஞ்ச நேரம் வேகமாக, பிறகு இரண்டு மூன்று விநாடி இடைவெளி, மறுபடி வேகம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த எல்லை 60.

எண்ணைவிட முக்கியம் குழந்தை படும் பாடு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்கின் ஓரங்கள் விரிகின்றனவா, தலை லேசாக ஆடுகிறதா என்று பாருங்கள். மூச்சை விடும்போது "ம்ஹ்... ம்ஹ்..." என்று முனகல் கேட்டால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க, தொண்டையைப் பாதி அடைத்து மூச்சு விடும்போது எழும் சத்தம் அது. மேலே சொன்ன சின்ன இடைவெளியைவிட நீளமாக மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, எழுப்பியும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலோ மணியை அழுத்துவதோடு நிற்காமல் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். அதில் கூச்சமே வேண்டாம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 65, 70 என்று இரைத்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று 35-க்கு இறங்கி அமைதியாகிவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைப்போம். முகம் தெளிந்து, பால் குடித்து, கண் திறந்து பார்த்தால் அது நல்ல செய்தி. வெளிறிப்போய், கைகால் தளர்ந்து அமைதியானால் மூச்சு வாங்கி வாங்கிக் களைத்துவிட்டது என்று பொருள், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அடுத்து மானிட்டர். பாதத்தில் சுற்றியிருக்கும் சிவப்பு விளக்குப் பட்டைதான் ஆக்ஸிஜன் அளவைக் காட்டுகிறது. குழந்தை காலை உதைத்தாலும், பாதம் சில்லென்று இருந்தாலும், பட்டை நழுவினாலும் எண் 80-க்கு விழுந்து அலாரம் அலறும். அப்போது முதலில் குழந்தையின் நிறத்தையும் மூச்சையும் பாருங்கள், பிறகு திரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஓடும் அலைக்கோட்டைப் பாருங்கள். கோடு சீராக ஓடினால் எண்ணை நம்பலாம். கோணல்மாணலாக இருந்தால் பெரும்பாலும் பட்டைதான் காரணம். எதுவானாலும் நர்ஸிடம் சொல்லுங்கள், அலாரத்தை நீங்களே அணைக்காதீர்கள். பட்டையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுகாலுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோலில் தடம் பதியும். நர்ஸ் மறந்தால் நினைவூட்டலாம். தூக்கத்தில் 93 காட்டுகிறது என்பதற்காக நடுங்க வேண்டாம். எந்த அளவுக்குக் கீழே போனால் ஆக்ஸிஜன் கொடுப்பது என்பதைப் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் 90, 92 என்றுதான் வைத்திருக்கின்றன. உங்கள் வார்டில் எது எல்லை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்தத் திரையை முறைத்துக்கொண்டே இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை.

பால் பற்றித்தான் அம்மாக்கள் அதிகம் கலங்குகிறார்கள். கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் சப்ப முடியாது, சப்பினால் மூச்சு விட முடியாது. இரைப்பு 60, 70-ஐத் தாண்டும்போது வாயில் பால் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருப்பதால்தான் குழாய். உங்கள் பால் போதவில்லை என்றோ குழந்தை உங்களை மறந்துவிடும் என்றோ அதற்கு அர்த்தமே இல்லை. குழாயில் மூக்கு நுனி படும் இடத்தில் ஒரு அடையாளம் இருக்கும். ஒவ்வொரு முறை பால் விடும் முன் அது நகர்ந்திருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். நகர்ந்திருந்தாலோ, பால் போகும்போது குழந்தை இருமித் திணறினாலோ நிறுத்தச் சொல்லுங்கள்.

குழந்தை நேரடியாகக் குடிக்காத நாட்களில் 24 மணி நேரத்தில் சுமார் 8 முறை பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும், இரவில் ஒருமுறையாவது. இதை விட்டுவிட்டால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், சுரப்பும் குறையும். பயத்திலும் தூக்கமின்மையிலும் முதல் நாள் கொஞ்சமாகத்தான் வரும், பம்ப்பில் வரும் அளவை வைத்து உங்கள் சுரப்பை எடைபோடாதீர்கள். எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் 4 நாள். புட்டியில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள்.

வாயால் குடிக்க அனுமதித்த பிறகு ஒரே மூச்சில் பழைய அளவைக் கொடுக்கப் பார்க்காதீர்கள். பாதி அளவு, இரண்டு மடங்கு முறை. பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு மூக்குத் துளையிலும் சலைன் சொட்டு 2 அல்லது 3 விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, வெளியே தெரிகிற சளியை மட்டும் உறிஞ்சி எடுத்தால் போதும். அடிக்கடி ஆழமாக உறிஞ்சினால் மூக்கின் உள்தோல் வீங்கி அடைப்பு கூடும்.

சிறுநீருக்கு எடைத் தராசு கேட்டு வாங்குங்கள். காய்ந்த டயப்பர் 25 கிராம், நனைந்தது 70 கிராம் என்றால் 45 மி.லி. சிறுநீர். 1 கிராம் 1 மி.லி. என்பதே கணக்கு. மணிக்கு, கிலோவுக்கு 1 மி.லி.யாவது போக வேண்டும். 6 கிலோ குழந்தைக்கு நான்கு மணி நேரத்தில் 24 மி.லி. ஆகிறது. இதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் இப்படி எழுதுங்கள்:

இரவு 2.10: பால் 60, குழாயில். 3.00: டயப்பர் 70, காய்ந்தது 25. 3.30: தூக்கத்தில் மூச்சு 54, விலா லேசாகக் குழிகிறது. 4.00: வாந்தி, ஒரு கரண்டி அளவு, சளியோடு.

காலை ரவுண்ட்ஸில் "ராத்திரி சரியாகவே குடிக்கலை டாக்டர்" என்பதைவிட இந்த நான்கு வரி ஆயிரம் மடங்கு உதவும். அதே ரவுண்ட்ஸில் மூன்று கேள்வி கேளுங்கள்: இப்போது எதற்காகக் காத்திருக்கிறோம், எது நடந்தால் சிகிச்சையை மாற்றுவீர்கள், வீட்டுக்குப் போக என்னென்ன சரியாக வேண்டும். மூன்றாவதற்கு வழக்கமாக வரும் பதில்: ஆக்ஸிஜன் இல்லாமல், தூக்கத்திலும் சேர்த்துச் சில மணி நேரம் அளவு நிலையாக நிற்க வேண்டும், தேவையான பாலை வாயாலேயே குடிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் "எப்போ டிஸ்சார்ஜ்" என்று தினமும் தவிக்க வேண்டியதில்லை.

ட்ரிப்ஸ் ஏறினால், ஊசி போட்ட கையை ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் மறு கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீங்கி, பளபளத்து, தொட்டால் சில்லென்று இருந்தாலோ, சிவந்து தொட்டதும் வீறிட்டாலோ மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்துகொண்டிருக்கலாம். ட்ரிப்ஸ் ஏற்றும் பம்ப் எப்போதும் எச்சரிக்காது, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். குழந்தையின் ரத்தக்குழாய் நூல் மாதிரி மெல்லியது. ஒரு ஊசி ஓரிரு நாள்தான் நிற்கும், மறுபடி குத்த நேர்ந்தால் யார் மீதும் தப்பில்லை. குத்தும்போது கூட இருக்க முடிந்தால் தலையில் கைவைத்து, முகத்துக்கு அருகே குரல் கொடுத்துக்கொண்டிருங்கள். பார்க்கத் தாங்காதென்றால் வெளியே நின்று, முடிந்த கணமே வாங்கி மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். அதுவும் போதும்.

இத்தனை குழாயோடு தூக்கலாமா என்று பயப்படுகிறார்கள். தூக்கலாம், தூக்க வேண்டும். ஆக்ஸிஜன் வரும் பக்கமாக நாற்காலியைப் போட்டு முதலில் நீங்கள் உட்காருங்கள். நர்ஸ் குழாய்களை ஒரே பக்கமாக ஒதுக்கிக் குழந்தையைக் கையில் தரட்டும். ஆனால் உங்களுக்குக் கண் சொருகத் தொடங்கியதும் குழந்தையைக் கட்டிலில் விட்டுவிடுங்கள். நாற்காலியில் குழந்தையோடு தூங்கிப்போவது உண்மையிலேயே ஆபத்து.

வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் மருந்தை வார்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள், இரட்டிப்பு டோஸ் ஆகிவிடும். வீட்டுக்குப் போன பிறகும் ஒரு கவனம் தேவை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., அதாவது 6 கிலோவுக்கு 60 முதல் 90. 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 75 மி.கி. என்பது 0.75 மி.லி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அதுவே சுமார் 3 மி.லி. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். பாட்டில் மாறும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள்.

உங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நாங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ" என்ற எண்ணம் இந்த வார்டில் எல்லாப் பெற்றோருக்கும் வருகிறது. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஆர்எஸ்வி வந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் கடுமையாகப் போகிறது, அதை வீட்டுக்குள் யாராலும் முழுதாகத் தடுத்துவிட முடியாது. இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வார்டில் இருக்கும்போது மற்றவர் வேறிடத்தில் ஐந்து மணி நேரமாவது தொடர்ந்து தூங்கட்டும். நோட்டு இருப்பதால் கைமாற்றுவது சுலபம். தனியாக இருந்தால் நர்ஸிடம் "எனக்கு இரண்டு மணி நேரம் வேண்டும்" என்று கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார்கள். மூக்கொழுகும் உறவினரை, எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும், உள்ளே விடாதீர்கள். குழந்தை தேறி வீட்டுக்கு வந்து வாரங்கள் ஆன பின்னும், அது நன்றாகத் தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், அந்த அலாரச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தால், அதையும் ஒரு டாக்டரிடம் சொல்லுங்கள். அது வைத்தியம் உள்ள விஷயம்.

இருமல் இரண்டு மூன்று வாரம் இருக்கும், அது மட்டும் இருந்தால் கவலையில்லை. பால் பாதிக்குக் கீழே இறங்கினாலோ, 12 மணி நேரமாக டயப்பர் நனையாவிட்டாலோ, மேலே சொன்ன மூச்சு அறிகுறிகளில் ஏதாவது திரும்பினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை இருக்கும் இடத்தில் யாரும் புகை பிடிக்கவே கூடாது. வார்டில் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்திருந்தார்கள் என்று வீட்டில் தலையணை வைத்து உயர்த்தாதீர்கள். அங்கே மானிட்டர் இருந்தது. இங்கே சமமான மெத்தையில், மல்லாக்க, பக்கத்தில் துணி எதுவும் இல்லாமல் படுக்கவையுங்கள்.