மருத்துவர் இல்லாத மாவட்டத்தில் சிசேரியன்

கேள்வி: நம் ஊரில் சிசேரியன் பெருகிவிட்டதென்று குறைப்பட்டுக்கொள்கிறோம். ஆப்பிரிக்காவிலோ அது கிடைக்காமல் தாய்மார்கள் உயிரிழப்பதாகப் படித்தேன். நிபுணர்களே இல்லாத இடங்களில் இதற்கு என்னதான் வழி? – வாசகி ஒருவர், தருமபுரி.

பதில்: இரண்டும் உண்மைதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியனாக நடந்தன. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இது சுமார் 5 மட்டுமே. குழந்தை இறங்க வழியின்றி நாள்கணக்கில் வலியெடுத்துக் கிடக்கும் பெண்ணுக்குக் கருப்பை கிழியலாம்; பிழைத்தாலும் ஓயாமல் சிறுநீர் கசியும் புண் வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடலாம்.

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக் கண்ட வழியைச் சொல்கிறேன். 1975இல் போர்த்துகலிடமிருந்து விடுதலை கிடைத்தபோது போர்த்துகீசிய மருத்துவர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொண்டது. 1984 முதல் அந்நாட்டு அரசு, அனுபவமுள்ள செவிலியரையும் மருத்துவ உதவியாளரையும் தேர்ந்தெடுத்து, தலைநகர் மபூட்டோவில் இரண்டாண்டும் மாகாண மருத்துவமனையில் ஓராண்டும் அறுவைசிகிச்சைப் பயிற்சி அளித்தது. பட்டம் பெறாதவர் கையில் கத்தியைக் கொடுப்பதா என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஒப்பிட்டு 1996இல் வெளியான ஆய்வு, இவர்கள் செய்தவற்றுக்கும் நிபுணர்கள் செய்தவற்றுக்கும் விளைவில் பெரிய வேறுபாடு காணவில்லை. 2002இல் கிராமப்புற மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவைசிகிச்சைகளில் 92 விழுக்காடு இவர்கள் செய்தவை. இவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஏழாண்டுகளுக்குப் பின்னும் அதே மாவட்டங்களில் இருந்தார்கள். அங்கு அனுப்பப்பட்ட மருத்துவர்களில் அநேகமாக ஒருவரும் தங்கவில்லை. இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஆயினும் அறுக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. 22 ஆப்பிரிக்க நாடுகளில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், ஆயிரம் சிசேரியனுக்கு ஐந்து தாய்மாருக்கு மேல் இறந்தது தெரிந்தது. இது செல்வந்த நாடுகளைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு. ஆய்வில் இடம்பெற்ற சிசேரியன்களில் நான்கில் மூன்றுக்கு மேல் அவசர அறுவைகள். முதுகில் மயக்க ஊசி போட்டதும் இரத்த அழுத்தம் சட்டென்று சரியும். அதைக் கவனிக்கத் தலைமாட்டில் ஒருவர் நகராமல் இருக்க வேண்டும். குழந்தையை எடுத்தபின் கருப்பை சுருங்காவிட்டால் இரத்தம் பெருகும்; அதைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து வேண்டும், அதுவும் குளிர்ச்சியில் கெடாமல் வைத்திருந்ததாக. அதற்கும் இரத்தப்போக்கு அடங்காவிட்டால் உடனடியாக ஏற்றுவதற்கு இரத்தம் வேண்டும். இரத்தம் வேறு ஊரில் இருந்தால், அறுவையைக் குறையின்றிச் செய்திருந்தும் தாயை இழக்க நேரிடும். ஆகவே பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்துக்கு இணையாக இரத்தச் சேமிப்புக்கும் மயக்கமருந்துப் பணியாளருக்கும் மின்சாரத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பேன்.

அடுத்த கர்ப்பத்தையும் இப்போதே யோசிக்க வேண்டும். பழைய தையல் உள்ள கருப்பை, தொலைவிலுள்ள வீட்டில் வலியெடுக்கும்போது கிழியக்கூடும்; அதனால் தேவையற்ற சிசேரியன் மிகுந்த கேடு செய்வதும் இத்தகைய இடங்களில்தான். மொசாம்பிக்கில் மருத்துவமனையை ஒட்டி, கடைசி வாரங்களில் கர்ப்பிணிகள் வந்து தங்கும் காத்திருப்பு இல்லங்கள் உண்டு. அங்கே சாப்பாட்டுக்கும் துணைக்கு வருபவர் தங்குவதற்கும் ஏற்பாடு இருந்தால்தான், வீட்டில் சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெண்கள் முன்கூட்டியே வருவார்கள்.